அம்மாவின் பாகத்துத் தறிக்குழி

அண்ணன் சாத்துக்குடிப் பையோடு வாசலில் வந்து நின்ற அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. அம்மா நோயில் விழுந்த நாளிலிருந்து ஒரு வாழைப்பழம்கூட வாங்கி வராதவன் அவன். இப்போது சைக்கிள் கைப்பிடியில் துணிப்பை, பைக்குள் பழம், முகத்தில் நான் அதுவரை பார்த்தறியாத பணிவு. அம்மா எப்படி இருக்கிறாள் என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கண்கள் கூடத்துத் தரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டன. கட்டிலில் கிடந்த அம்மாவை அதற்குப் பிறகுதான் பார்த்தான். பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, இவன் எதற்கு வந்திருக்கிறான் என்று யோசித்தபடியே அவனுக்குக் காப்பி கலந்தேன்.

சந்தேகம் எங்கள் வீட்டுச் சொத்து. மற்ற வீடுகளில் மூக்கும் நிறமும் பரம்பரையாக வருவதுபோல எங்களுக்கு இது வந்தது. பால்காரர் பாலை ஊற்றியதும் அம்மா விரலைத் தோய்த்துச் சொட்டவிட்டுப் பார்ப்பாள். தினமும் அதே பால், தினமும் அதே விரல். எனக்கு வாய்த்த வேலையும் இந்தக் குணத்துக்குத் தீனி போட்டது. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்தேன். பட்டுக்கடை முதலாளிகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் கால் போடுவார்கள். 'சரக்கு நேத்தே கிளம்பிடுச்சு' என்று ஒருவர் சொல்லும்போதே, அது இன்னும் தறியை விட்டு இறங்கவில்லை என்பது குரலில் தெரிந்துவிடும். காதில் மாட்டிய கருவியைக் கழற்றி வைத்த பிறகும் அந்தக் காது என்னோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

வீடு அம்மா பெயரிலும் என் பெயரிலும் சேர்ந்து இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் வெகுகாலம் வாடகைக்கு இருந்த அதே வீடுதான். அப்பா போன பிறகு அம்மா அவருடைய தறியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் ஆளாக்கினாள். வீட்டுக்காரர் விற்கப் போவதாகச் சொன்னபோது அம்மா தன் நகைகளைக் கொடுத்தாள், நான் ஆபீசில் கடன் வாங்கினேன், ஆளுக்குப் பாதி என்று எழுதிக்கொண்டோம். பெற்றவளும் பெண்ணும் பாதிப் பாதி என்று எழுதிக்கொள்வதா என்று தெருவில் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. நாளைக்கு நான் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் தன் கதி என்ன என்பது அவள் கணக்கு. நாளைக்கு அண்ணன் வந்து அழுதால் அம்மா முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிடுவாளே என்பது என் கணக்கு. அண்ணன் அதற்கு முன்பே முசரவாக்கத்தில் மாமியார் வீட்டோடு போய்விட்டிருந்தான். அங்கே மாட்டுக் கொட்டகையை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் அவனுடைய தறி. மழை பெய்தால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் நனையும், வெயில் அடித்தால் சாணி நாற்றம். பட்டு நெய்கிறவனுக்கு அது ஒரு இடமே அல்ல என்று எனக்கும் தெரியும்.

வீடு எங்களுடையது ஆனதும் நான் செய்த முதல் காரியம், அம்மாவின் தறியை விற்றுவிட்டுக் கூடத்தில் இருந்த குழியை மூடியதுதான். எங்கள் ஊர்த் தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் சுவரோரம் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டு மிதிப்பார். அம்மா வருஷக்கணக்காகக் கால் விட்ட அந்தக் குழியில் வேகவதி ஆற்று மணலைக் கொட்டி நிரப்பி, மேலே சிவப்புச் சிமெண்ட் போட்டு, முகம் தெரிகிற அளவுக்கு மெழுகு தேய்க்க வைத்தேன். ஆபீஸ் தோழிகள் வந்து பார்த்து, பங்களா மாதிரி இருக்கிறதே என்றார்கள். அம்மா மட்டும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வழுக்குகிறது என்று காரணம் சொன்னாள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் போயின. பேச்சு குழறி, மெல்ல மெல்லத் திரும்பியது. புத்தியில் மட்டும் ஒரு கீறல் இல்லை. பெரியாஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் காலையில் வந்து, உடம்பு துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகுக்குப் பவுடர் போட்டு, நான் ஆபீஸ் முடிந்து வரும்வரை பார்த்துக்கொண்டார். மற்ற நேரமெல்லாம் நான். பெட்பேன் வைப்பது, புண் வராமல் பக்கம் மாற்றுவது, வாயோரம் வழியும் கஞ்சியைத் துடைப்பது என்று எல்லாம் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு என் கை பிடிக்கவில்லை. நர்ஸம்மா தூக்கினால் பூ மாதிரி இருக்கிறதாம், நான் தூக்கினால் மூட்டை தூக்குகிற மாதிரி இருக்கிறதாம்.

படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், காலைத் தொங்கவிட்டு உட்கார வைக்க வேண்டும் என்று நர்ஸம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டேன். பிறந்ததிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்திராத உடம்பு, ஒரு பக்கமாகச் சரிந்து சரிந்து தரைக்கு வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார வைத்தால் பயந்துபோய் என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். தரையில் உட்கார வைக்கலாம் என்றால் கால் மடங்காது. இப்படியாக அவள் படுக்கையிலேயே கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்தது. சம்மதமா இல்லையா என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆசை இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சென்னைக்கு லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒருமுறையாவது அந்த முனையில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்ததில் என்ன தப்பு? முதியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற கன்னியாஸ்திரிகள் இல்லம் ஒன்று இருக்கிறது, சுத்தமான இடம், வேண்டுமானால் சொல்லி வைக்கிறேன் என்றார் நர்ஸம்மா. அம்மாவை அங்கே விட்டு, வீட்டை வாடகைக்கு விட்டால் அந்தப் பணத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் இருவரும் சமையலறையில் நின்று பேசினோம். எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் உத்தரம் வரை எழும்பாது. பாதி உடம்பு வாதத்தில் போனாலும் காது போகவில்லை என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் சாத்துக்குடி வந்தது. வந்தவன் வாரம் தவறாமல் வரத் தொடங்கினான். நான் ஆபீசில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தான். அம்மாவும் அவனும் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று நர்ஸம்மாவைக் கேட்டால், தாயும் பிள்ளையும் பேசுவதை நான் எதற்கம்மா கேட்கப் போகிறேன் என்று நழுவினார். அவர்மேலும் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

ஒருநாள் பக்கம் மாற்றிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா என்னிடம் கேட்டாள்.

"அந்தக் குழியத் தோண்டிக் குடேன்டி."

எதற்கு என்று கேட்டேன். சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா, எனக்குத் தெரியாதா? நெசவாளர் தெருவில் பிறந்த யாருக்கும் தெரியும். ஒரு வீட்டில் தறி இறங்கிவிட்டால் அதைக் கிளப்ப முடியாது. பாவு தறியில் இருக்கும்போது வீட்டைக் காலி செய் என்று எந்த வீட்டுக்காரரும் கேட்கமாட்டார், கேட்டால் தெரு காறித் துப்பும். நெய்து முடித்த புடவையை அறுத்து இறக்கட்டும் என்று காத்திருப்பார். அதற்குள் தறிக்காரர் பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்த்துவிடுவார். பாவு முடிவதே இல்லை. இந்த ஊரில் ஒரு புடவை, இன்னும் ஒரு புடவை என்று சொல்லியே தலைமுறை தாண்டி ஒரே வீட்டில் இருந்தவர்கள் உண்டு. தறியில் உட்கார்ந்திருப்பவரை எழுந்திரு என்று சொல்வதுகூடக் கிடையாது. கடன் கேட்க வந்தவரும் சாவுச் செய்தி கொண்டு வந்தவரும், அவராகக் காலை எடுத்து மேலே வைக்கும்வரை வாசலில்தான் நிற்பார்கள். அண்ணன் தறி ஒன்று இந்தக் கூடத்தில் இறங்கிவிட்டால் வீடு வாடகைக்குப் போகாது, சென்னையும் போகாது, கடைசியில் என் பாதியும் போகும் என்று எனக்குப் பட்டது. புதுத் தரையைக் கொத்தவிடமாட்டேன் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பகல் ஷிப்டு முடிந்து ஒருநாள் வீடு திரும்பினால், வாசல் வரை சிவப்புச் சிமெண்ட் சில்லுகள். உள்ளே அண்ணன் கடப்பாரையோடு நிற்கிறான். சுவரோரம் பழைய குழி வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. நான் கொட்டிய மணலெல்லாம் கொல்லைப்புறத்தில் குவிந்திருந்தது. வைத்தியம் பார்க்கிற வீட்டில் குழி தோண்டுகிறார்களே என்று பக்கத்து வீட்டு அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த டிபன் பாக்சைத் தரையில் போட்டேன். யாரைக் கேட்டுத் தோண்டினாய் என்றேன்.

"அம்மாதான் சொல்லிச்சு, பாப்பா. அம்மா பாகத்துலதான் தோண்டனேன். உன் பாகத்துல நான் கை வெக்கலையே."

எது அம்மா பாகம், எது என் பாகம், எங்கே கோடு கிழித்திருக்கிறது காட்டு என்று கத்தினேன். அவன் கூடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வடக்குப் பக்கம் என்று குத்துமதிப்பாகக் கையைக் காட்டினான். அம்மா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். இமை ஆடிக்கொண்டிருந்தது. தூங்குகிறவர்களின் இமை அப்படி ஆடாது. ஆக, இருவரும் பேசி வைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மலம் அள்ளிக் கொட்டுவது நான், பாகம் பிள்ளைக்கா என்று அன்று அழுதேன். அவள் காதில் விழ வேண்டும் என்றே சத்தமாக அழுதேன்.

அமாவாசை கழிந்து வரும் நல்ல நாளில் தறியைக் கொண்டுவருவதாக அண்ணன் சொல்லிவிட்டுப் போனான். இடைப்பட்ட நாட்களில் அம்மாவும் நானும் கஞ்சி, மருந்து, வெந்நீர் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. அந்த நாளுக்கு நான் லீவு போட்டேன். வண்டி வந்தால் வாசலில் குறுக்கே படுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். குளித்துவிட்டுக் கொல்லையிலிருந்து உள்ளே வந்தபோதுதான் பார்த்தேன். அம்மா குழியில் உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸம்மா அவளை இறக்கி உட்கார வைத்திருந்தார். முதுகுக்குச் சுருட்டிய மெத்தை, அதற்குப் பின்னால் சுவர். இரண்டு காலும் குழிக்குள் தொங்கி, பாதங்கள் அடித்தரையில் பதிந்திருந்தன. தொடை குழி விளிம்பில் பொருந்தியிருந்தது. சரியவில்லை, பயப்படவில்லை, யார் புடவையையும் பிடிக்கவில்லை. அந்தக் குழி அவள் உடம்புக்கு அளவெடுத்தது. அத்தனை வருஷம் உட்கார்ந்த இடத்தை அந்த உடம்பு மறக்கவில்லை. புதுசாகத் தலை வாரி, நல்ல புடவை கட்டி, நோய் வந்த பிறகு முதல்முறையாக அவள் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. நர்ஸம்மா என்னைப் பார்க்காமல் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

மாட்டுவண்டியில் தறி மரங்களோடு அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்தது, அதை இல்லையென்று சொல்லமாட்டேன். அவள் எழுந்ததும் வேலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தான். அம்மா எழவில்லை. அண்ணி உப்புமா கிண்டினாள், எல்லோரும் சாப்பிட்டோம். அம்மா குழியில் இருந்தபடியே சாப்பிட்டாள். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக் கட்டினார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. குழியில் கால் விட்டவளை எழுந்திரு என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே, கடன் கேட்க வந்தவன்போல நின்றான். அண்ணி இடித்த இடிக்குப் பிறகுதான் மெல்ல உள்ளே வந்து குனிந்தான். மரத்தை மட்டும் இறக்கி வைத்துவிடுகிறோம், கொஞ்சம் மேலே வந்து படுத்துக்கொள்கிறாயா என்று பக்குவமாகக் கேட்டான்.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். குழறல் இருந்தாலும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"நான் உக்கார்றதுக்குத்தாம்பா தோண்டச் சொன்னேன். தறி போடுன்னு உங்கிட்ட சொன்னனா?"

குனிந்திருந்த அண்ணன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அவள் சொன்னது நிஜம் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. குழி என்றால் தறிதான் என்று அவன் எடுத்துக்கொண்டான், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வேறு எந்த ஊரிலாவது பிறந்திருந்தால் எதற்குக் குழி என்று இன்னொரு தடவை கேட்டிருப்போம். அவன் நினைப்பது தெரிந்தும் அவள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். வண்டி மரங்களோடு வந்த வழியே திரும்பிப் போனது.

விளக்கு வைத்த பிறகு அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டுக் கஞ்சி ஊட்டினேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். எப்படி ஏமாந்தான் பார், சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தவனுக்கு நன்றாக வேண்டும் என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கரண்டியைக் கையால் தள்ளினாள்.

"அவனுக்கோசரம் மட்டுமா உக்காந்துக்கினு இருந்தேன்? என்ன அந்த சிஸ்டருங்க வூட்டுக்கு அனுப்பறதுன்னா, குழியிலேர்ந்துதான் தூக்கினு போவணும். தெருவே பாக்கும்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எனக்கு முதலில் வந்தது வெட்கம் அல்ல, கோபம். உன்னைத் தெருவில் விடுகிறேன் என்றா சொன்னேன், நான் மனுஷி இல்லையா, எனக்கு ஒரு ஆசை இருக்கக் கூடாதா என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் அவள் முகத்தில் ஜெயித்த களை எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. பகல் முழுவதும் அந்தப் பயத்தின்மேல்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பெற்ற பிள்ளைகள் இருவரில் ஒருவரைக்கூட நம்ப முடியாமல், பாதி செத்த உடம்பை வைத்துக்கொண்டு, தன் பாகத்தைத் தானே காவல் காத்திருக்கிறாள்.

அந்த வாரமே சென்னை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். வருத்தம் நிறைய இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நிஜமாகவா என்று கேட்டாள், நிஜமாகத்தான் என்றேன். மறுநாள் நான் ஆபீசுக்குக் கிளம்பும் முன்பே தன்னைக் குழியில் இறக்கிவிடச் சொன்னாள். அதற்கு மறுநாளும் அப்படியே. நர்ஸம்மா சத்தியம் செய்து சொல்லியும் அவள் நம்பவில்லை. அவரும் என்னோடு சேர்ந்து நாடகம் ஆடுகிறார் என்று நினைத்திருப்பாள். மழை, திருவிழா, ஞாயிற்றுக்கிழமை எதுவும் விலக்கில்லை. உட்கார உட்கார உடம்புக்கு நல்லதுதான் ஆனது. சளி இறங்கியது, முதுகில் வந்திருந்த புண் ஆறியது, சொந்தக் கையால் சாப்பிட்டாள். ஆனால் ஒவ்வொரு நாளும் செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்கும்போது, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். வழியனுப்புகிற பார்வை இல்லை அது. எனக்கு அது ஒவ்வொரு நாளும் வலித்தது.

அப்படியே சில வருஷங்கள் ஓடின. ஒரு மார்கழிக் காலையில் வழக்கம்போல அவளைத் தூக்கப் போனேன். அம்மா தலையை ஆட்டினாள்.

"இன்னிக்கு வாணாம்டி. நீ போய்ட்டு வா."

உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, போய்ட்டு வா என்றாள். காய்ச்சல் இல்லை, மூச்சு சீராக இருந்தது. அன்று போர்டில் தப்புத் தப்பாக லைன் போட்டேன். அண்ணன் வந்திருக்கிறானா, நர்ஸம்மா ஏதாவது சொல்லிக் கொடுத்தாரா, இதில் என்ன சூது என்று மனம் அலைந்தது. பர்மிஷன் போட்டுவிட்டுச் சீக்கிரமே ஓடி வந்தேன். கூடத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குழி காலியாக இருந்தது, அம்மா கட்டிலில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். இமை ஆடவில்லை. அதற்குப் பிறகு அவள் குழியைக் கேட்கவே இல்லை. பொங்கலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள்.

கருமாதி முடிந்ததும் அண்ணன் தறியைக் கொண்டுவந்து அந்தக் குழியில் இறக்கினான். நான் தடுக்கவில்லை. தோண்டியவன் அவன்தானே. இன்று நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அவன் இன்னும் ஒரு புடவை என்று சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறான், நாங்கள் இருவரும் எண்ணெய்க்கும் விளக்குக்கும் சண்டை போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறோம். அந்த மார்கழிக் காலையைப் பற்றி மட்டும் அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கடைசியில் அம்மா என்னை நம்பிவிட்டாளா, இல்லை உட்காரத் தெம்பில்லாமல்தான் வேண்டாம் என்றாளா? நம்பித்தான் சொல்லியிருக்கும் பாப்பா, அதுக்கு உன்னத் தெரியாதா என்கிறான், பாவிலிருந்து தலையை எடுக்காமல். அண்ணன் சொன்ன எதையும் நான் நம்பியதில்லை. இதை ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறேன்.